லாரிக்குள் குளிர்சாதனம்: விசை யார் கையில்?

அண்மையில் திருச்செங்கோட்டில் ஒரு திருமண வீட்டில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். இப்போது அவர் மூன்று லாரிகளின் உரிமையாளர். அவற்றில் ஒன்று புதியது. ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதியுடன் ஆலையிலிருந்தே வந்தது. 'கோடையில் நாகபுரிப் பக்கம் போகும் ஓட்டுநருக்குப் பெரிய ஆறுதலாக இருக்குமே' என்றேன். அவர் சிரித்தார். "ஏ.சி. போடறதே இல்லைங்க சார். பெல்ட்டையே கழட்டி வெச்சிட்டோம்."

கழற்றச் சொன்னவர் உரிமையாளராகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு. கழற்றச் சொன்னவர் ஓட்டுநரே. விசையை அணைத்து வைத்தாலே போதுமே என்று கேட்டேன். "வெயில்ல கை சும்மா இருக்காதுங்க சார். போட்டுட்டா டீசல் கணக்குல அவருக்குத்தான் இடிக்கும்" என்றார் என் மாணவர். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தன் கை விசையை நாடிவிடும் என்று அறிந்த ஒரு தொழிலாளி, அந்தக் கைக்கு எட்டாதபடி தானே குளிர்ச்சியை அகற்றி வைக்கிறார். நாங்கள் வகுப்பில் இதை 'முன்கட்டுப்பாடு' என்று கற்பித்தோம். சேமிப்பு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் ஆகியவற்றிலிருந்து எடுத்துக்காட்டுகள் சொன்னோம். இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

லாரிகளுக்குக் குளிர்சாதன வசதியைக் கட்டாயமாக்கிய ஆணை நல்ல ஆணை. அதில் எனக்கு ஐயமில்லை. 2023 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தயாரிக்கப்படும் என்-2, என்-3 வகைச் சரக்கு வாகனங்கள் அனைத்திலும் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் இருக்க வேண்டும். மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ளவை என்-2. அதற்கு மேற்பட்டவை என்-3. குளிர்சாதனம் எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்பதைச் சோதிக்க ஐ.எஸ். 14618 என்ற தரநிலையும் குறிக்கப்பட்டிருக்கிறது. 43 முதல் 47 டிகிரி வரையிலான வெப்பத்தில் நாளொன்றுக்கு 12, 14 மணி நேரம் வாகனம் ஓட்டுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள் என்று அமைச்சர் நிதின் கட்கரி அப்போது பேசினார். விலை கூடிவிடும் என்று சிலர் எதிர்த்ததையும் அவரே குறிப்பிட்டார்.

விலை குறித்த அந்த எதிர்ப்பை நீண்ட நேரம் விவாதிக்கத் தேவையில்லை. ஒரு கனரக லாரியின் விலையில் குளிர்சாதனத்தின் பங்கு சில பத்தாயிரம் ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 30 லட்சம் ரூபாய் விலையுள்ள லாரியில் இது 3 லட்சம் ரூபாய்க் குறைப்பு. உள்ளீட்டு வரி வரவு பெற இயலாத சிறு உரிமையாளருக்கு இது முழுக்க முழுக்க மிச்சம். ஆகவே கருவியை வாங்குவதற்கான செலவு ஒரு பொருட்டே அல்ல. அந்தக் கருவியை ஓட்டும் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

நம் ஊரில் லாரி ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு குறைவு. நடைக்கு இவ்வளவு என்று படி, அல்லது வாடகையில் ஒரு பங்கு. இவற்றோடு 'மைலேஜ்' என்று ஒரு கணக்கு. நாமக்கல்லிலிருந்து தில்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 600 லிட்டர் டீசல். ஓட்டுநர் அதற்குள் போய்ச் சேர்ந்தால் மிச்சம் அவருக்கு. மிஞ்சினால் அவருடைய படியில் பிடித்தம். எல்லா இடங்களிலும் இப்படியே என்று சொல்லமாட்டேன். பல இடங்களில் இதுவே வழக்கம். இந்த ஏற்பாட்டில் உரிமையாளரின் நோக்கில் தவறொன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும் வாகனத்தைக் கண்காணிக்க அவரால் இயலாது. டீசல் திருட்டும், தேவையற்ற சுற்றும், கண்மூடித்தனமான வேகமும் இந்த ஒரே கணக்கால் கட்டுக்குள் வருகின்றன. முதலாளிக்கும் முகவருக்கும் இடையிலான தகவல் இடைவெளிக்கு எளியவர்கள் கண்டுபிடித்த விடை இது. பாடநூல் எழுதியவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

இந்தக் கணக்குக்குள் இப்போது குளிர்சாதனம் நுழைகிறது. அதன் கம்ப்ரசரை இயக்குவது இன்ஜின். அதாவது, டீசல். ஒரு பேச்சுக்கு, குளிர்சாதனம் ஓடினால் 3 விழுக்காடு டீசல் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 லிட்டரில் 18 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,656 ரூபாய். ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடிய வாடகையில் உரிமையாளருக்கு இது காற்று அடைக்கும் செலவைப் போன்றது. ஓட்டுநருக்கோ வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பகுதி. மைலேஜ் அளவைப் பழைய லாரியின் கணக்கிலேயே வைத்துவிட்டு, லாரியில் மட்டும் குளிர்சாதனத்தைப் பொருத்தினால், குளிர்ச்சிக்கான விலையை ஓட்டுநரிடமே வசூலிக்கிறோம் என்று பொருள். அவர் வாங்க மறுக்கிறார். இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, நம் ஓட்டுநர்களுக்கு ஏ.சி. பழக்கமில்லை' என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

குளிர்நாடுகளில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு கூர்மையாக எழவில்லை என்று எண்ணிப் பார்த்ததுண்டு. விடை கருவியின் இயல்பில் இருக்கிறது. லாரியின் ஹீட்டர் புதிதாக எதையும் எரிப்பதில்லை. இன்ஜினைச் சுற்றி வரும் தண்ணீர் எண்பது, தொண்ணூறு டிகிரியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். வழக்கமாக ரேடியேட்டர் வழியே காற்றில் வீணாகும் அந்த வெப்பத்தில் ஒரு பங்கைச் சிறிய குழாய் வழியே ஓட்டுநர் அறைக்குத் திருப்பி, ஒரு விசிறியால் ஊதுகிறார்கள். அவர் திருகும் குமிழ் வெந்நீரை எவ்வளவு விடுவது, அல்லது வெப்பக் காற்றில் குளிர்காற்றை எவ்வளவு கலப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. கழிவிலிருந்து கிடைக்கும் சுகம் என்பதால் அதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. கூடுதல் செலவு இல்லாத இடத்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சண்டையும் இல்லை. குளிர்ச்சி அப்படியன்று. அதை உண்டாக்க ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினின் உழைப்பில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அங்கும் லாரி நின்றுவிட்டால் கதை மாறுகிறது. இன்ஜின் அணைந்தால் ஹீட்டருக்கு வெந்நீர் இல்லை. இன்ஜினை இரவு முழுதும் ஓட விட்டால் டீசல் வீண், புகை வேறு. நீண்டதூர லாரி நின்ற இடத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் எரிக்கும் என்பது அமெரிக்கக் கணக்கு. கலிபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட விடுவதற்கே கட்டுப்பாடு உண்டு. ஆகவே ஓட்டுநர் உறங்கும் அறைக்கென்று தனியாகச் சிறு டீசல் அடுப்பைப் போன்ற ஹீட்டர்கள் வந்தன. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் நிறுவனங்களின் பெயர்கள் ஐரோப்பிய ஓட்டுநர்களுக்கு நம் ஊர் பிரஷர் குக்கர் பெயர்களைப் போலப் பழக்கமானவை. அவற்றில் சிறியவை மணிக்கு கால் லிட்டர் அளவுக்கே எரிபொருள் குடிக்கும். தெர்மோஸ்டாட் அறையின் வெப்பத்தை உணர்ந்து தீயைக் கூட்டும், குறைக்கும். பெரிய இன்ஜினின் வேலையைச் சிறிய கருவிக்கு மாற்றியதும், அதைத் தானே அளந்து இயங்கும்படி செய்ததும் சேர்ந்துதான் நிற்கும் நேரத்துச் செலவைத் தாங்கக்கூடியதாக்கின.

அங்கும் எல்லாம் சரியாக இருந்ததாகச் சொல்வதற்கில்லை. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், உறைநிலைக்கு வெகு கீழான இரவில், இழுவைப் பெட்டியின் பிரேக் உறைந்துபோய் ஓட்டுநர் ஒருவர் சாலையோரம் நின்றார். அவர் அறையின் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. உதவி வரும்வரை காத்திரு என்று நிறுவனம் சொன்னது. மணிக்கணக்கில் காத்திருந்து கால்கள் மரத்துப்போன பின், பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் ஓட்டிக்கொண்டு சூடான இடம் தேடிச் சென்றார். சரக்கைக் கைவிட்டதாகச் சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதியவர் அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நீல் கோர்சச். ஆபத்தான நிலையில் வாகனத்தை ஓட்ட மறுப்பவரைத்தான் சட்டம் காக்கிறது, இவரோ ஓட்டினார் என்பது அவர் வாதம். சட்டச் சொல்லின் பொருள் பற்றிய அந்த வாதத்தில் கூர்மை இருக்கலாம். ஓட்டுநர் அறையின் தட்பவெப்பம் என்பது கருவி பற்றிய செய்தி மட்டுமல்ல, யார் யாருக்குக் கட்டளையிட முடியும் என்பது பற்றியதும்கூட என்று அந்த வழக்கு எனக்கு உணர்த்தியது.

நம் நாட்டில் நிற்கும் நேரமே பெருஞ்சுமை. லாரி ஓடும்போது கண்ணாடியை இறக்கினால் அனல்காற்றாவது அடிக்கும். சிமென்ட் ஆலை வாசலிலும், துறைமுகத்திலும், கிடங்கின் முன்பும் சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்து நிற்கும் நேரத்தில் அதுவும் இல்லை. பல லாரிகளில் இன்ஜின் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழோ அருகிலோ இருக்கிறது. அணைத்த பின்னும் நெடுநேரம் அடுப்பைப் போல் கனன்றுகொண்டிருக்கும். அந்த அறையில்தான் அவர் படுக்கிறார். இரவில் வெளியே படுத்தால் டீசலும் டயரும் சரக்கும் திருட்டுப் போகும் என்ற அச்சம். இந்த எட்டு மணி நேரத்துக்குக் குளிர்சாதனத்தை இயக்க வேண்டுமானால் இன்ஜின் ஓட வேண்டும். அமெரிக்கக் கணக்கைவிடக் குறைத்து மணிக்கு 2 லிட்டர் என்றே கொண்டாலும் 16 லிட்டர், 1,472 ரூபாய். பெரும்பாலான ஓட்டுநர்களின் ஒரு நாள் வருமானத்தை எட்டிவிடும் தொகை. இதை எந்த ஓட்டுநர் செலவழிப்பார்? எந்த உரிமையாளர் அனுமதிப்பார்?

ஆக, ஆணை தொடுவது ஓடும் நேரத்தை. அதையும் மைலேஜ் கணக்கு தின்றுவிடுகிறது. நிற்கும் நேரத்தை அது தொடவே இல்லை. குளிர்காலத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். வடமாநிலங்களின் கடுங்குளிரில், மூடிய அறைக்குள் கரியடுப்பை ஏற்றி வைத்துக்கொண்டு உறங்கிய ஓட்டுநர்கள் நச்சுப்புகையால் இறந்த செய்திகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகின்றன. நிற்கும் லாரிக்குள் பாதுகாப்பான வெப்பமும் இல்லை, பாதுகாப்பான குளிர்ச்சியும் இல்லை.

குளிர்ச்சி தொழிலாளியின் சுகம் மட்டுமே என்றால், அதை அவருக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பேரத்துக்கு விட்டுவிடலாம் என்று என் துறையினர் சிலர் சொல்லக்கூடும். கடினமான வேலைக்குக் கூடுதல் கூலி கிடைக்கும் என்று ஆடம் ஸ்மித் எழுதிவைத்தார். நடப்பில் கடினமான வேலைகளுக்குத்தான் குறைந்த கூலி கிடைக்கிறது என்று அவருக்குப் பின் வந்த ஜான் ஸ்டூவர்ட் மில் மறுத்தார். நம் நெடுஞ்சாலைகளைப் பார்த்தவர்கள் மில்லின் பக்கமே நிற்பார்கள். ஆனால் இங்கே அந்த வாதம்கூடத் தேவையில்லை. ஏனெனில் பேரத்தில் இல்லாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. எதிரே வரும் பேருந்தும், ஓரமாகச் செல்லும் இருசக்கர வாகனமும்தான் அது.

இ. சோமநாதன், ரோகிணி சோமநாதன், அனந்த் சுதர்சன், மீனு திவாரி ஆகியோர் இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றிச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதில் வெளிச்சம் தருகிறது. ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆலையின் உற்பத்தி சுமார் 2 விழுக்காடு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். வெப்பம் தொழிலாளியின் வேலைத்திறனைக் குறைக்கிறது, வேலைக்கு வராமையைக் கூட்டுகிறது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சூரத்தின் வைரப் பட்டறைகளில் எல்லா வேலைக்கும் குளிர்சாதனம் கிடையாது. மதிப்பு மிகுந்த, மனிதக் கையை மிகுதியும் நம்பியிருக்கும் வேலை நடக்கும் அறைகளிலேயே பெரும்பாலும் அது பொருத்தப்பட்டிருக்கிறது. இது இயல்பே. கை நடுங்கினால் வைரம் கெடும், நட்டம் முதலாளிக்கு. லாரி ஓட்டுநரின் கண் செருகினால் கெடுவது என்ன? சரக்குக்குக் காப்பீடு உண்டு, வாகனத்துக்கும் உண்டு. எஞ்சிய நட்டம் சாலையில் இருப்பவர்களுக்கு. 2022-இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவற்றில் எத்தனை வெப்பக் களைப்பால் நேர்ந்தவை என்று பிரித்துச் சொல்லும் பத்தி எந்த முதல் தகவல் அறிக்கையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடுவது வழக்கம்.

குளுகுளுவென்று இருந்தால் ஓட்டுநர் தூங்கிவிடுவார் என்று ஒரு வாதம் லாரிப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும். சொல்பவர்கள் பெரும்பாலும் குளிர்சாதனக் காரில் வந்து இறங்குபவர்கள். ஓட்டுநரைத் தூங்க வைப்பது பதினாலாவது மணி நேரம். பகலில் உடல் தன்னைக் குளிர்விக்கவே போராடி, இரவில் உறங்க இயலாமல் கிடந்தவருக்கு அந்தப் பதினாலாவது மணி பத்தாவது மணியிலேயே வந்துவிடும்.

இன்னொன்று என் கண்ணை உறுத்துகிறது. நெடுஞ்சாலையில் செல்லும் குளிர்பதனப் பெட்டி லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பின்பெட்டியில் தடுப்பூசி என்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ஐஸ்கிரீம் என்றால் உறைநிலைக்கு வெகு கீழே. அந்தப் பெட்டியின் வெப்பநிலையைப் பதிவு செய்யக் கருவி இருக்கிறது. வழியில் சில டிகிரி கூடினால் சரக்கை வாங்க மறுக்கலாம். பெட்டிக்கும் ஓட்டுநருக்கும் இடையே உள்ளது ஒரு தகரச் சுவர். அந்தச் சுவருக்கு இப்பால் உள்ள வெப்பநிலையை யாரும் பதிவு செய்வதில்லை, கேட்பதுமில்லை. சரக்கின் குளிர்ச்சிக்கு எரியும் டீசலை யாரும் ஓட்டுநரின் படியில் பிடிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது சரக்குக்காரரின் வாடகையில் சேர்ந்துவிடுகிறது.

தீர்வு அங்கேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஓட்டுநர் அறையின் குளிர்ச்சிக்கான டீசல் மைலேஜ் கணக்குக்கு வெளியே போக வேண்டும். இது கடினமான பொறியியல் அல்ல. இன்றைய லாரிகளில் கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மின்னணு முறையில் பதிவு செய்ய முடியும். அதற்கு மணிக்கு இவ்வளவு டீசல் என்று படி ஒதுக்கலாம். மார்ச் முதல் ஜூன் வரை மைலேஜ் அளவைச் சற்றுத் தளர்த்தினால்கூடப் போதும். லாரி உரிமையாளர் சங்கங்கள் வாடகை பேசும்போது கோடைக்காலச் சேர்க்கை ஒன்றைக் கேட்கலாம். சரக்குக்காரர்கள் தராமல் போகலாம். ஆனால் டீசல் விலை ஏறும்போதெல்லாம் வாடகை உயர்வு கேட்கும் சங்கங்கள் இதை ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கட்டும். 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று அமைச்சரே சொல்லும் காலத்தில், பேரத்தின் பலம் முற்றிலும் ஒரு பக்கமே இருப்பதாகக் கருத வேண்டியதில்லை.

கருவியிலும் ஒரு மேம்பாடு வேண்டும். ஓட்டுநர் கையால் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் இருந்தால், ஒன்று முழுக்க ஓடும், அல்லது முழுக்க நிற்கும். குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் தானே தணியும் கட்டுப்பாடு இருந்தால் டீசல் செலவு கணிக்கத்தக்கதாகிவிடும். கணிக்கத்தக்க செலவைத்தான் ஒப்பந்தத்தில் எழுத முடியும். 2020 ஜனவரி முதல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் 24 டிகிரியை இயல்பளவாகக் கொண்டே விற்கப்பட வேண்டும் என்று எரிசக்தித் திறன் செயலகத்தின் விதி வந்தது. வேண்டுபவர் மாற்றிக்கொள்ளலாம். லாரிக்கு அதை 26 என்று வைத்தாலும் ஓட்டுநர்கள் வாழ்த்துவார்கள்.

பழைய லாரிகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆணை புதிய வாகனத்துக்கு மட்டும். ஒரு லாரி பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஓடும்; முதலில் பெரிய நிறுவனத்திடம், பிறகு இரண்டாம் கை, மூன்றாம் கை. கடைசியாக வாங்குபவரே பெரும்பாலும் ஓட்டுபவரும். மிக வெப்பமான அறை மிக ஏழையான ஓட்டுநரிடம் போய்ச் சேரும் ஏற்பாடு இது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பகுதிகளில் லாரிக்குப் பாடி கட்டும் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. அடிச்சட்டத்தின் மீது ஓட்டுநர் அறையை மரமும் தகரமும் கொண்டு கட்டியெழுப்பிய கைகள் அவை. ஆலையிலேயே அறை கட்டி வரும் போக்கால் அந்த வேலை தேய்ந்துவருகிறது. பழைய லாரியின் கூரைக்கும் இன்ஜின் மூடிக்கும் வெப்பத்தடுப்பு இடுவது, இடுக்குகளை அடைப்பது, பேட்டரியில் இயங்கும் சிறு கூரைக் குளிர்சாதனத்தைப் பொருத்துவது ஆகியவை அந்தப் பட்டறைகளால் செய்ய இயன்றவையே. இதற்கு மாநில அரசு குறைந்த வட்டிக் கடனுக்கு வழி செய்தால், குளிர்ச்சியும் வேலைவாய்ப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும். பேட்டரிக் கருவி இரவு முழுதும் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தடுப்பு இல்லாமல் அதை மட்டும் பொருத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பாராட்டத்தக்க முடிவு. அதன் பார்வையில் கட்டுமானத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் வருகிறார்கள். அடிலாபாத்துக்கும் நாகபுரிக்கும் இடையே வண்டிக்குள் சுருண்டு விழும் நாமக்கல் ஓட்டுநர் எந்த மாநிலத்தின் கணக்கில் வருவார்?

தொழிலாளர் சட்டத்திலும் இதே இடைவெளி இருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைநேரத்தை வரையறுத்தது. இரவு தங்க நேரும் இடங்களில் ஓய்வறை தருவது உரிமையாளரின் கடமை என்றும் சொன்னது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தும். என் மாணவரிடம் இருப்பவர்கள் நான்கு பேர். அவரைப் போன்றோர் இத்தொழிலில் ஏராளம். அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. சிறு உரிமையாளரிடம் ஓய்வறை கட்டச் சொல்வதில் பயனில்லை, அவராலும் இயலாது. அது அரசும் எண்ணெய் நிறுவனங்களும் நெடுஞ்சாலை ஆணையமும் செய்ய வேண்டிய வேலை. ஆயிரம் ஓய்வகங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். பெட்ரோல் நிலையங்களை ஒட்டி 'அப்னா கர்' என்ற பெயரில் படுக்கை வசதிகளும் வந்திருக்கின்றன. அங்கே வண்டிக்குக் காவல் இருந்தால்தான் ஓட்டுநர் இறங்கிப் போய்ப் படுப்பார். படுக்கை எண்ணிக்கையை வெளியிடும்போது காவலாளியின் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிட்டால் நல்லது. பெரிய ஆலைகளின் வாசலில் இத்தகைய இடம் இருந்தாக வேண்டும் என்று உரிம விதியிலேயே சேர்க்கலாம். அதனினும் எளிது, நான்கு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால் அந்தக் காத்திருப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்பது. இப்போது அது கிடைத்தாலும் உரிமையாளரோடு நின்றுவிடுகிறது.

குளிர்சாதனம் இயங்குகிறதா என்று எஃப்.சி. எடுக்கும்போது பார்க்க வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகள் வரையிலான சரக்கு வாகனத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுகிறது. பார்க்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்று காலை பெல்ட்டை மாட்டி, மாலையில் கழற்றிவிட அரை மணி நேரம் போதும்.

திருமண வீட்டில் இவற்றையெல்லாம் ஒரு பேராசிரியரின் வழக்கப்படி நீளமாகவே பேசிவிட்டேன். என் மாணவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் வரும் கோடையில் ஒரு நடைக்கு இருபது லிட்டர் தனியாக எழுதிப் பார்க்கலாம் என்றார். "மத்த ரெண்டு வண்டி டிரைவருங்களும் கேப்பாங்களே சார், அதுல ஏ.சி.யே இல்லையே" என்று அடுத்த கணமே அவருக்குக் கவலை வந்தது. அதற்கு என்னிடம் உடனடி விடை இல்லை. பந்தி போட்டுவிட்டார்கள் என்று யாரோ அழைக்க, எழுந்தோம். பெல்ட் வண்டியின் கருவிப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.